எழுப்பக் கூடாத தூக்கம்

கிர்ர்… டக். நின்றுவிட்டது. இல்லை, மறுபடியும். இரும்பு இரும்போடு உரசிக்கொண்டு கொஞ்ச தூரம் போய், எதிலோ முட்டி, போன வழியே திரும்பி வருகிற சத்தம். எலிதான். எலியாகத்தான் இருக்கும், பின்பக்கம் பழைய சாமானுக்கு நடுவே தகர மூடி எதையாவது உருட்டிக்கொண்டிருக்கும். எலி என்று நினைத்ததுமே அந்த டாக்டர் பெண் வந்துவிடுகிறாள், எதை நினைத்தாலும் கடைசியில் அவள் மேஜைக்கு முன்னால்தான் போய் நிற்கிறேன், மூளை அழியறதை எலிங்களுக்கு நிறுத்தியிருக்காங்கம்மா, மனுஷங்களுக்குத்தான் இன்னும் நிறுத்த முடியல என்றாள். அப்படியானால் எங்கேயோ ஒரு எலிக்கு மண்டையில் ரத்தக்குழாய் அடைத்து, யாரோ மருந்து போட்டு, அது எழுந்து மீசையைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த எலியின் பெண்டாட்டி என்ன பண்ணினாள், நேரத்துக்கு எழுப்பினாளா. ரெனியின் கால் என் வயிற்றின் மேல் கிடக்கிறது. மூன்று வயதுக் காலுக்கு இவ்வளவு கனமா. இதை மெதுவாக எடுத்து வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்க வேண்டும், உள் அறைக் கட்டிலில் அவர் இருக்கிறாரா, மூச்சு வருகிறதா, எச்சில் வழிந்து தலையணை நனைந்திருக்கிறதா. ஆறு அடி எடுத்து வைத்தால் அந்த வாசல். ஆனால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது உடம்பு. இத்தனை நாள் அத்தை கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தார்கள், அவரை, என் செலஸ்டினைப் பெற்றவர்கள், அவர்கள் குறட்டையே எனக்குக் காவலாக இருந்தது, இன்று சாயங்காலம் கோபித்துக்கொண்டு பேகம்பூர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் அங்கே போய்ப் படுக்கவில்லை. ரெனி அப்பா முகத்தைப் பார்த்து அழுகிறாள், அவளுக்காகத்தான் கூடத்தில் படுக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பாதி பொய். கோணிப்போன அந்த வாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னால் கண்ணை மூட முடியவில்லை. கிர்ர்… டக். சத்தம் வருகிறது, நான் வெளியே படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் இப்படித்தான்.

அன்றைக்கு நைட் ஷிப்ட் முடிந்து வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் கீழே போட்ட சத்தம் கேட்டது, அதை ஏன் அப்போதே கேட்கவில்லை, சைக்கிளை ஒருநாளும் போட மாட்டார். தோசை வேண்டாம் என்றார். தலை ஒரு மாதிரியா இருக்கு ஜெசி, படுக்கிறேன் என்றார். ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று கேட்டிருக்கலாம். தோல் பதனிடுகிற ஷாப்பில் ராத்திரி பூராவும் தோலைப் போட்டுச் சுற்றுகிற ட்ரம் பக்கத்தில் நின்றுவிட்டு வருகிற ஆளுக்குத் தலை வேறு எப்படி இருக்கும். ஷிப்ட்காரர் வீட்டில் பகல் தூக்கம் என்றால் அது திவ்விய நற்கருணைப் பெட்டி மாதிரி, யாரும் கை வைக்கக் கூடாது. கல்யாணம் ஆகி வந்த மறுநாளே அத்தை சொன்னது அதுதான், ஏத்தா ஜெசிந்தா, ஒனக்கு சமைக்கத் தெரியாட்டியும் பரவால்ல, ராச்சிப்டு முடிச்சி வந்து படுத்தவனை எழுப்பாத, மாமா உசிரோட இருந்தமட்டும் நான் வீட்டுல பகல்ல தும்முனது இல்ல. மாமாவும் தோல் ஷாப்தான். இந்தத் தெருவில் பாதி வீடு தோல் ஷாப்தான், பகலில் இங்கே மிக்ஸி போட மாட்டோம், குக்கர் விசிலுக்கு முன்னால் கரண்டியால் வெயிட்டைத் தூக்கிவிடுவோம், மீன்காரர்கூட இந்தத் தெருவுக்குள் வந்ததும் குரலை இறக்கிவிடுவார். ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டினேன். கதவைச் சாத்தினேன். ரெனி உள்ளே ஓடுவாள் என்று வெளித்தாழ்ப்பாளையும் போட்டேன். நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்தேன், எனக்கு நானே நல்ல பெண்டாட்டி என்று ஒரு மார்க் போட்டுக்கொண்டேன். பதினோரு மணி இருக்கும், ரெனி கதவில் காதை வைத்துக்கொண்டு, அம்மா, அப்பா ட்ரம் மாதிரி சுத்துறாங்க என்றாள். எனக்கும் கேட்டது. கர்ர் என்று ஒரு இழுப்பு, அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் ஒரு இழுப்பு. வாயில் விரலை வைத்தேன். உஷ், அப்பா அசந்து தூங்குறாங்க. அவளைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுப் பாக்கியம் அக்கா வாசலுக்குப் போய்விட்டேன், குழந்தை சத்தம் போட்டு அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று. பாக்கியம் அக்கா கொய்யாப்பழம் வெட்டிக் கொடுத்தார்கள், உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுச் சாப்பிட்டோம், நன்றாக இருந்தது. அந்தக் கொய்யாவின் விதை பல்லிடுக்கில் மாட்டி அதை நாக்கால் நெண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளை நீக்கினேன். அதுவரைக்கும் நான் வேறு ஆள்.

பக்கவாதம் தூங்கும்போதே வந்திருக்கும் என்றாள் டாக்டர். எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரியல, அந்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடுற நேரம் தாண்டிடுச்சு. அவள் என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவளாக இருப்பாள். நான் கான்வென்டில் படித்தவள், சயின்ஸ் குரூப் என்று சொன்னதும் அவள் முகம் கொஞ்சம் மாறியது, எனக்கு எல்லாவற்றையும் சொல்லலாம் என்று நினைத்துவிட்டாள், சொல்லாமலே விட்டிருக்கலாம். ஸ்கேன் படத்தில் விரலை வைத்தாள். இந்த நடுப்பகுதி ரத்தம் நின்ன கொஞ்ச நேரத்திலேயே போயிடுச்சு. இதைச் சுத்தி இருக்கிறது பாதி உயிரோட இருந்துச்சு. இங்கேதான் என்சைம் வேலை. ஒவ்வொரு மூளை செல்லுக்குள்ளேயும் வெட்டி ஒட்டிப் பழுது பார்க்க என்சைம்கள் இருக்கு, எப்பவும் அடங்கித் தூங்கிட்டிருக்கும், கொஞ்சம் கொஞ்சம்தான் வேலை செய்யும். ரத்தம் நின்னா செல்லுக்கு வாசலைக் காக்கிற தெம்பு போயிடும், கால்சியம் வெள்ளமா உள்ளே பாயும், அதைப் பார்த்ததும் அந்த என்சைம் எல்லாம் ஒரே நேரத்துல முழிச்சுக்கும். முழிச்சுக்கிட்டு? அது இருக்கிற வீட்டையே வெட்ட ஆரம்பிச்சிடும், தூணு, விட்டம், எல்லாத்தையும். சில என்சைம் ரத்தக்குழாய்ச் சுவரையே அரிக்கும், அப்புறம் உள்ளே வரக் கூடாததெல்லாம் மூளைக்குள்ள வந்து வீங்கும். மணிக்கணக்கா நடக்கும், நாள் கணக்காவும் நடக்கும். நான் ஏதோ சந்தேகம் கேட்கிற மாணவி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். முழிச்சுக்கும். அந்த வார்த்தையில் சேலை மாட்டிக்கொண்ட மாதிரி நான் இன்னும் அங்கேயே நிற்கிறேன். தூங்கினவரை நான் எழுப்பவில்லை, அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்ததெல்லாம் எழுந்துவிட்டது. வெளியே நான் உஷ் உஷ் என்று தெருவையே அடக்கிக்கொண்டிருக்கிறேன், உள்ளே லட்சம் கத்தரிக்கோல் சத்தமில்லாமல். பதினோராம் வகுப்பில் ரெஜினால்டா சிஸ்டர் எங்களை டெஸ்ட் டியூபில் துப்பச் சொன்னார்கள். கஞ்சித்தண்ணீரில் அயோடின் விட்டால் நீலம், அதில் எச்சிலை விட்டு வெதுவெதுப்பாக வைத்தால் நீலம் போய்விடும், எச்சிலில் இருக்கிற என்சைம் மாவைத் தின்றுவிடும். துப்பச் சொன்னதற்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் சிஸ்டர் பெஞ்சைத் தட்டினார்கள். வேலை முடிந்த பிறகும் என்சைம் மாறாமல் அப்படியே இருக்கும், எழுதுங்கள், அடிக்கோடு போடுங்கள். போட்டேன். அந்த நீலம் எங்கே போயிற்று சிஸ்டர் என்று கேட்டேன். எங்கேயும் போகலம்மா, இல்லாமப் போச்சு என்றார்கள். இப்போது அவர் வாயோரத்தில் வழிகிற எச்சிலைத் துண்டால் துடைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நீலம் ஞாபகம் வருகிறது.

அவருக்கு இதையெல்லாம் யாரும் சொல்ல வேண்டியதில்லை, அதுதான் என்னை அறுக்கிறது. அவர் வேலையே அதுதானே. ட்ரம்முக்குள் சுண்ணாம்பிலிருந்து எடுத்த தோலைப் போட்டு, மரத்தூள் மாதிரி ஒரு பவுடர், அது என்சைம், அதைப் போட்டுச் சுற்றவிட்டால் விறைத்துக் கிடக்கிற தோல் மெத்தென்று ஆகும். கூடிப்போனால் தோல் கந்தல், அதனால்தான் நைட் ஷிப்டில் அவரைப் போடுவார்கள், அவர் அசராமல் நிற்பார் என்று. நிச்சயம் ஆன புதிதில் ஒரு துண்டுத் தோலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து காட்டினார், மற்ற மாப்பிள்ளைகள் அல்வா வாங்கி வருவார்கள். கட்டை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. இப்படித் தடம் நின்னா பதம் வந்துடுச்சுன்னு அர்த்தம், அப்ப ‘போதும்’னு ஒரு சத்தம் கொடுப்பேன், ட்ரம்மை நிறுத்தி, தண்ணிய வடிச்சு, பச்சத் தண்ணி விட்டுக் கழுவிடணும், இல்லேன்னா அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்கும், அதுக்கு முதலாளி தோலுன்னு தெரியுமா என்ன. சிரித்தார். எனக்கு அந்த நாற்றத்தில் குமட்டியது. கல்யாணமாகி ஒரு மாதம் அந்த விரல் என் மேல் படும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்வேன், அப்புறம் எப்போது என்று தெரியாமல் அந்த வாடை இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டெட்டால் போட்டுத் துடைத்துத் துடைத்து அதை எடுத்துவிட்டார்கள், நகக்கண்ணில்கூட இல்லை, நான் மோந்து பார்த்தேன். வலது கை மரக்கட்டை மாதிரி கிடந்தது, வீங்கியிருந்தது. யாரும் பார்க்காதபோது என் கட்டை விரலால் அதை அழுத்தினேன். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்றார். அன்றைக்குப் படுத்ததற்குப் பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை, நான் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு வராண்டாவில் ஓடினேன், பேசிட்டாங்க, பேசிட்டாங்க. அப்புறம்தான் தெரிந்தது, அது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்று. தண்ணீர் வேண்டுமென்றாலும் போதும். கஞ்சி வேண்டாமென்றாலும் போதும். ரெனியைப் பார்த்தாலும் போதும். பேச்சு இருந்த இடம் போயிடுச்சு, இப்படி ஒரே ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கிறது உண்டு, அதுக்கு அர்த்தம் தேடாதீங்க என்றாள் டாக்டர். எப்படித் தேடாமல் இருப்பது. உள்ளே செலஸ்டின் என்று ஒரு ஆள் இருந்துகொண்டு எல்லாம் தெரிந்து ‘போதும்’ என்கிறாரா, இல்லை ஆள் போன வீட்டில் அந்தச் சொல் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கிறதா. எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும். பார், என் வாயிலும் அதுவே வருகிறது. அவர் இல்லை என்றால் அழுதுவிட்டு இந்த உடம்பைக் கழுவித் துடைத்து வைத்துக்கொள்வேன். இருக்கிறார் என்றால், இருந்துகொண்டு போதும் என்கிறார் என்றால், அது அதைவிடப் பயம். பிளேடு, அரிவாள்மனை, மாத்திரை எல்லாவற்றையும் பாக்கியம் அக்கா வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். வெங்காயம் நறுக்க வேண்டுமென்றால் அங்கே போய் நறுக்கிக்கொண்டு வருகிறேன், அவர்களும் ஏன் என்று கேட்கவில்லை.

இன்று சாயங்காலம் ஷாப்பிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள், ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள். என்ன மாப்ள, லீவு போட்டுட்டு ஜாலியா படுத்துருக்க, ஒன் ட்ரம் ஒன்னியத் தேடுதுடா என்று ஒருவர் சத்தமாகப் பேசினார், காது போன ஆளிடம் பேசுகிற மாதிரி. அவர் எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து லுங்கி நனைந்துவிட்டது. நான் ஓடி வந்து போர்வையை இழுத்துவிட்டேன், அவர்கள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்கள், அத்தனை பேரும் ஒரே ஜன்னல் வழியாக. போனதும் அத்தை ஆரம்பித்துவிட்டார்கள். என் மவன் எப்பேர்ப்பட்டவன், இப்படிப் பொழச்சிக் கெடக்கிறதுக்கு… ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அந்தக் கதவத் தொறந்து பாத்திருக்கக் கூடாதாடி? வெளித்தாப்பா போட்டுட்டு ஊரு வம்புக்குப் போயிட்டியே. எனக்கும் வாய் வந்துவிட்டது. எழுப்பக் கூடாதுன்னு யாரு சொன்னது அத்தை, தும்ம மாட்டேன்னு யாரு சொன்னது? அத்தை பையை எடுத்துக்கொண்டு செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் இறங்கிப் போனார்கள். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது, அவர்களும் ராத்திரியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு குறட்டை விடுகிற மாதிரி படுத்திருந்திருக்கிறார்கள். கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. அவர் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், கேட்டாரோ என்னவோ. குளிப்பாட்டக் கூட்டிக்கொண்டு போனேன், சுவரைப் பிடித்துக் காலை இழுத்து இழுத்து நடந்தார், பாத்ரூமுக்குள் போனதும் இடது கையால் கதவைத் தள்ளினார், என் மூக்குக்கு நேராக. நான் காலை வைத்துத் தடுத்தேன். சாத்தக் கூடாதுங்க, விழுந்துட்டா யாரு தூக்குறது, டாக்டர் எந்தக் கதவும் பூட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. மறுபடி தள்ளினார். மறுபடி தடுத்தேன். போதும் என்றார். என்ன போதும்? நானும் கத்தினேன், அவரிடம் நான் கத்தியதே இல்லை, என்னங்க போதும், எது போதும்? அவர் தலையைக் குனிந்துகொண்டார். லுங்கியை உருவித் தண்ணீர் ஊற்றினேன், ரெனிக்கு ஊற்றுகிற மாதிரி, அவர் ஒரு கையால் மறைக்கப் பார்த்தார், அந்தக் கையை நகர்த்திவிட்டுத்தான் சோப்புப் போட்டேன்.

கிர்ர்… டக். எலி இல்லை. எலிக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. இது ஒரே இடத்திலிருந்து, ஒரே தூரம் போய், ஒரே இடத்தில் முட்டுகிற சத்தம், இந்தச் சத்தம் எனக்குத் தெரியும், இந்த வீட்டுக்குக் குடி வந்ததிலிருந்து தினமும் காதில் விழுவதுதான். பாத்ரூம் தாழ்ப்பாள். தண்ணீர் பட்டுப் பட்டு அந்தக் கதவு உப்பிக் கிடக்கிறது, ஒரு கையால் கதவை இறுக்கி அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் தள்ளினால்தான் தாழ்ப்பாள் போய்த் துளையில் விழும், ஒரு நாளைக்கு இழைச்சி விட்டுர்றேன் ஜெசி, பூட்டுக்குப் பேர் போன ஊருல இருந்துக்கிட்டு ஒரு தாப்பா போட முடியல பாரு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரெண்டு கை வேண்டும். ரெனியின் காலை எப்போது எடுத்து வைத்தேன், தெரியவில்லை, நின்றுகொண்டிருக்கிறேன். கட்டில் காலி. தலையணையில் ஈரம். இவ்வளவு தூரம் விழாமல் எப்படிப் போனார், நான் இல்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், குழந்தை எழுந்துவிடக் கூடாது என்றா, நான் எழுந்துவிடக் கூடாது என்றா. அடுப்படித் தரை சில்லென்று இருக்கிறது. பாத்ரூம் கதவுக்குக் கீழே வெளிச்சக் கோடு, அதில் ஒரு காலின் நிழல் நேராக, இன்னொன்று கோணலாக. லைட்டைக்கூடப் போட்டுக்கொண்டிருக்கிறார். இழுத்து இழுத்து விடுகிற மூச்சு கேட்கிறது. கிர்ர்… டக். நான் கையை வைத்தால் கதவு திறந்துவிடும். திறக்க வேண்டும், அன்றைக்குத் திறக்காததற்கும் சேர்த்து இன்றைக்குத் திறக்க வேண்டும், உள்ளே விழுந்துவிட்டால், உள்ளே ஏதாவது, இல்லை, அங்கே பக்கெட்டும் மக்கும் சோப்பும் தவிர ஒன்றுமில்லை, நானே எடுத்துவிட்டேன், ஆனாலும் தரை வழுக்கும், தலை சுவரில் மோதும், பிறகு நான் வெளியே நின்று இடித்துக்கொண்டு. கையை வைத்துவிட்டேன். மரம் ஈரமாக இருக்கிறது. கான்வென்ட் ஹாஸ்டலில் விடியற்காலையில் பக்கெட்டோடு வரிசையில் நிற்போம், முன்னால் இருப்பவள் கதவைத் தள்ளிப் பார்ப்பாள், சும்மா சாத்தியிருந்தால் திறந்துகொள்ளும், ஒருத்தியும் இருக்க மாட்டாள். தாழ்ப்பாள் போட்டிருந்தால் உள்ளேயிருந்து குரல் வரும், ஆளிருக்கு, ஆளிருக்கு. வெளியிலிருந்து யாரும் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் போடலாம், காலி அறைக்கும் போடலாம், நானே போட்டேன். உள்ளேயிருந்து போட ஒரு ஆள் இருக்க வேண்டும். கிர்ர்… டக். இந்தத் தடவை முட்டியதும் அவர் நெற்றியைக் கதவில் சாய்த்திருக்க வேண்டும், மரத்தில் மெல்ல ஒரு இடி. பிறகு ஒரு சத்தம், அழுகையா இருமலா, இந்தப் பக்கம் என் உள்ளங்கையில் அது அதிர்கிறது. திறந்தால் என்ன பார்ப்பேன். நின்றுகொண்டிருக்கிற ஒரு மனுஷனைப் பார்ப்பேன், அவர் என்னைப் பார்ப்பார், பிறகு தலையைக் குனிந்துகொள்வார், நான் லுங்கியை உருவுவேன். எத்தனை தடவை. டாக்டர் சொன்ன அந்தக் கத்தரிக்கோல்கள் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கின்றனவா, இனி வெட்ட ஒன்றுமில்லை என்று நின்றுவிட்டனவா, எதை விட்டுவைத்தன, கேட்க ஆளில்லை. இவர் பேச மாட்டார். இனி ஒருநாளும் அந்த நாற்றத்தோடு வந்து சைக்கிளைச் சாய்க்க மாட்டார். ரெனி இவரைப் பார்த்து அழுவாள், பிறகு பழகிவிடும், அது இன்னும் மோசம். கைப்பிடி வளையம் கையில் படுகிறது, வெளிப்பக்கம் இருக்கிற பழைய இரும்பு வளையம், நாங்கள் யாரும் தொடுவதே இல்லை. பிடித்தேன். கதவை என் பக்கமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிலையோடு ஒட்டுகிற வரைக்கும் இழுத்தேன். உப்பிய மரம் முனகியது. உள்ளே மூச்சு நின்றது. நான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. விரல் வலிக்கிறது, விடவில்லை. ஏங்க, என்றேன், குழந்தை எழுந்துவிடாத குரலில், நான் இழுத்துப் பிடிச்சிருக்கேன், இப்பத் தள்ளுங்க. இரும்பு நகர்ந்தது, மெதுவாக, முட்டுகிற இடத்துக்கு வந்தது, முட்டவில்லை, அதைத் தாண்டிப் போய், உள்ளே, துளைக்குள் முழுசாக விழுந்தது.